பாரீஸ் சரக்கும் வசந்தாவின் காதும்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஜெயித்த கதை ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மாசி மகத்துக்குப் பத்து நாள் முன்னால், முத்தியால்பேட்டையில் ஒரு மாடி ஸ்டுடியோ. முதலாளி ஹரிகிருஷ்ணன். நாலு வருஷமாக அங்கே மைக் ஒயர் சுருட்டும் சந்திரகலா. வைத்திக்குப்பத்தில் மீன் விற்று, பாட்டும் கட்டிப் பாடுகிற வசந்தா. மற்றதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள்.

ஹரிகிருஷ்ணன்: ...அதான் சொல்றேன், சாஃப்ட்வேரோட சும்மா வர்ற ஈக்வலைசர் சும்மாதான் இருக்கும்.

சந்திரகலா: இல்லண்ணே, அது லேசா ஓடுது. உங்களது போட்டா கம்ப்யூட்டரே தெணறுது...

ஹரிகிருஷ்ணன்: குறுக்க பேசாத! மச்சான் பாரீஸ்லேர்ந்து டப்பாவோட அனுப்புன ஈக்வலைசர் எங்க, இது எங்க?

வசந்தா: நீங்க சண்ட போடுங்க. கீழ கூடையில வஞ்சிரம் இருக்கு, பக்கத்துல பூன இருக்கு. என்னை எதுக்குக் கூப்ட்டீங்க?

சந்திரகலா: உன் பாட்டுக்குத்தான்க்கா. கொரல்ல கனம் எவ்ளோ, கீச்சு எவ்ளோன்னு ஏத்தி எறக்குறதுதான் ஈக்வலைசர். கூடவே வந்தத வச்சே நான் முடிச்சிட்டேன்.

ஹரிகிருஷ்ணன்: அதும்மேல நான் பாரீஸ் சரக்கப் போட்டு, போன வாரம் ரெண்டு மணி நேரம் திரையில குமிழத் திருகினேன். ரெண்டையும் கேளு. எது யாருதுன்னு சொல்ல மாட்டோம்.

வசந்தா: பந்தயமா?

சந்திரகலா: ஆமாக்கா. என்னுது நல்லாருந்தா, உன் பத்துப் பாட்டுக்கும் சத்தம் கலக்குறது நான்தான், அண்ணன் நாற்காலியில. சி.டி. கவர்ல எம்பேரு.

வசந்தா: இல்லன்னா?

சந்திரகலா: ...ஒயரு இருக்கே, சுருட்ட.

வசந்தா: போடு பாட்ட... ம்... ம்ம்... சரி, அடுத்தது... திரும்ப மொதல்லேர்ந்து...

ஹரிகிருஷ்ணன்: கீழ்ச்சத்தம் பாத்தியா, அப்டியே கடலு...

வசந்தா: வாய மூடு தம்பி! எங் காதுல கேக்குறேன், உன் வாயில இல்ல.

சந்திரகலா: எதுக்கா நல்லாருக்கு?

வசந்தா: என்னை ஏமாத்துறீங்களா?

ஹரிகிருஷ்ணன்: ஐயோ, யாரு...

வசந்தா: கூடைய மாத்துனா மீனு மாறிடுமா? ரெண்டும் ஒண்ணுதான். முப்பது வருஷமா கரையில ஏலம் கூவுறேன். எந்தப் போட்டுலேர்ந்து எவன் கத்துறான்னு கண்ண மூடிட்டே சொல்வேன். மயிரிழ வித்தியாசமில்ல.

ஹரிகிருஷ்ணன்: பாரீஸ்க்கா அது!

வசந்தா: இருக்கட்டும் பிரெஞ்சு முசியே. நீ திருகினது எங்க, காட்டு.

சந்திரகலா: விடுக்கா...

வசந்தா: ஏண்டி கையப் புடிக்கிற? திரையில இந்தப் பட்டன் மட்டும் ஏன் செவப்பா எரியுது?

சந்திரகலா: அது... பைபாஸு. பஸ்ஸு ஊருக்குள்ள வராம வெளியிலயே போவுதில்ல? அது எரிஞ்சா பாட்டு பாரீஸ் சரக்குக்குள்ள நொழையாது. நேரா வந்துடும்.

வசந்தா: அப்போ இந்த மனுசன் ரெண்டு மணி நேரம்...

சந்திரகலா: திருகினாரு. "கலா, வெண்ண மாதிரி எறங்குது பாரு"ன்னாரு.

வசந்தா: நீ என்னா சொன்ன?

சந்திரகலா: "எறங்குதுண்ணே"ன்னேன்.

வசந்தா: அடிப்பாவி, அப்பவே தெரியுமா!

சந்திரகலா: தெரியும். மொதலாளி மூஞ்சியப் பாத்து எப்டிக்கா சொல்றது? நீ மட்டும் அவருதுதான் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா, எங் கையிகிட்டயே நான் தோத்திருப்பேன்.

வசந்தா: தோக்குறதா? ரெண்டும் உன்னுதுதான்டி! கூட வந்த சாமானே போதும்னு நின்னுட்ட பாரு! இன்னா தம்பி, எம் பேச்சு உள்ள நொழையுதா? நீயும் பைபாஸா?

ஹரிகிருஷ்ணன்: ...கலா, மேசைக்கடியில பிரஸ்லேர்ந்து வந்த கட்டு இருக்கு. பிரி.

சந்திரகலா: சி.டி. கவரா... "பத்துப் பாடல்கள். ஒலிக்கலவை: சந்திரகலா"... அண்ணே! இது எப்போ அடிச்சது?

ஹரிகிருஷ்ணன்: போன வாரமே. நீ பாத்த அன்னிக்கே நானும் அந்தச் செவப்பப் பாத்துட்டேம்மா. ரெண்டு மணி நேரம் இல்லாத சத்தத்தக் கேட்டவன் நான்... என் வாயால சொல்ல வரல, இன்னிக்கும் வீம்புதான் வந்துச்சு. அதான், மொகம் பாக்காம சொல்ற வாய் ஒண்ணத் தேடிக் கூட்டியாந்தேன். இந்தா, எழுந்துட்டேன். ஒன் நாற்காலி... உக்காரு.

உட்கார்ந்தாள் கண்ணுங்களா, நிமிர்ந்து உட்கார்ந்தாள். உங்கள் வீட்டிலும் உழைத்த கைக்கு உரிய பெயர் கிடைக்கட்டும். உங்கள் வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் நல்ல சத்தமே உள்ளே வரட்டும்.