பந்தல் ஏறாத ரகம்

— புடலை வேண்டாம்னு சொன்னேன்ல, அதைக் கீழ வை.

— ஏன் அத்தை? போன வருஷம் நம்ம கொல்லையில பந்தலே முறியற அளவுக்குக் காய்ச்சுது. நீங்கதானே தெரு முழுக்கக் குடுத்தீங்க?

— இந்தத் தடவை வேண்டாம். அவ்வளவுதான்.

— சரி, பீர்க்கன்?

— அதுவும் கொடிதானே.

— பூசணி?

— அது ஊரு மேல படரும்.

— படரட்டுமே! கொல்லையில இடம் கொட்டிக் கிடக்கு! அண்ணே, நீங்களே சொல்லுங்க. விதைக்கடைக்கு வந்து நின்னுக்கிட்டு எல்லாத்தையும் வேண்டாங்கிற மாமியாரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

— என்னை ஏன் தங்கச்சி நடுவுல இழுக்கிறே? விதை விக்கிறதுதான் என் பொழப்பு, பஞ்சாயத்து பண்றது இல்ல. அம்மா, நீங்களாவது ஒண்ணைச் சொல்லுங்க. மேஜை பூரா பாக்கெட்டைப் பரப்பி வச்சிருக்கேன், ஒண்ணுகூட நகரல.

— அவசரப்படாதேப்பா. முள்ளங்கியைக் காட்டு. இது நீட்டு ரகம், கிழங்கு இறங்க ஆழம் வேணும். உருண்டையா, குட்டையா வருமே, அதைக் குடு.

— அத்தை! உருண்டை முள்ளங்கி வெறும் தண்ணின்னு நீங்கதானே சொல்வீங்க!

— சொன்னேன். இப்ப வேணுங்கிறேன்.

— அவரையாவது எடுக்கலாமா?

— எடு. கொடியவரை இல்ல, செடியவரை.

— அது என் முழங்கால்கூட வராது. அங்க ஆள் உயரத்துக்குப் பந்தல் நிக்குதே, அது எதுக்கு? காக்கா உக்காரவா?

— சொன்னா கேளு.

— ஆறு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! உங்க கொல்லை, உங்க அடுப்பு, உங்க உப்பு டப்பா. தக்காளியாவது என் இஷ்டத்துக்கு வாங்கக் கூடாதா? எனக்கு அந்தக் கொடித் தக்காளிதான் வேணும். ஆமா!

— வாங்கிக்கோ. மாடியில அடிக்கிற காத்துக்கு ஒரே நாள்ல ஒடிஞ்சு விழும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே.

— மாடியா? நம்மளது ஓட்டு வீடு அத்தை! மாடி எங்க இருந்து வந்துச்சு?

— அந்த வீட்டுல இருக்குல்ல.

— எந்த வீட்டுல?

— பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, நீலக் கேட்டு வீடு. நீயும் அவனும் போய்ப் பாத்தீங்களே.

— அம்மா, நான் வேணும்னா உள்ள போய் மூட்டை அடுக்கிட்டு வரட்டுமா?

— நீ எங்கயும் போகாதே, நில்லுப்பா.

— அத்தை... அவரு சொல்லிட்டாரா?

— அவனுக்கு வாய் எங்க இருக்கு? அம்மாகிட்ட யாரு சொல்றதுன்னு பயந்துக்கிட்டு வீடே வேண்டாம்னு விட்டுட்டான். அந்த வீட்டுக்காரி என்னை மார்க்கெட்டுல பிடிச்சுக்கிட்டா. உங்க பையன் பாத்துட்டுப் போனாரு, பதிலையே காணோமேன்னா. கையோட போய்ப் பாத்தேன். மாடி பூரா சிமெண்டு. தொட்டிதான் வைக்க முடியும். ஆனா வெயில் நல்லா விழுது. அடுத்த மாசம் வந்துடுவாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— எங்களை ஒரு வார்த்தை கேக்காமயா? அப்ப எங்களை வெளிய அனுப்புறீங்க?

— பின்ன? ஒரு அடுப்புல ரெண்டு பேர் நின்னா ஒருத்தி கை சுடத்தான் செய்யும். ஆறு வருஷமா உன் கைதான் சுடுது. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா?

— அதை இப்படியா சொல்வாங்க, கடையில வச்சு! வீட்டுல சொல்லக் கூடாதா?

— வீட்டுல சொன்னா நீ அழுவே, உன்னைப் பாத்து அவன் அழுவான், அப்புறம் நான் சும்மா இருப்பேனா? இங்கன்னா இந்த மனுஷன் நிக்கிறான். வெக்கத்துக்காவது வாயை மூடிக்கிட்டு நிப்போம்.

— நல்லதா போச்சு, என் கடை இதுக்கும் உதவுது. தொட்டிக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ எடுத்து வச்சிருப்பேனே அம்மா! இந்தா, குட்டைத் தக்காளி, மிளகா, செடியவரை. கூட ஒரு கீரை விதையும் போடுறேன். தொட்டிக்கு அதைவிடச் சுலபம் வேற இல்ல.

— கீரை வேண்டாம்.

— இல்லம்மா, தூவி விட்டா தானா வரும்...

— போடாதேன்னா போடாதே. கீரைக்கு அவ என் வீட்டுக்கு வரணும்.