விளக்கைச் சுற்றிய வளையம்

அவைக்குத் தலைமை தாங்கும் ஆவுடையப்பன் அவர்களே! வல்லத்திராக்கோட்டையின் வயல் காத்து வயிறு காக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுப்பைத் தோளிலும் சுமக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்று என்னை முறைக்கும் நண்பர்களே! உங்களுக்கும் சேர்த்தே வணக்கம்.

நான் சந்தேகப் பிராணி. ஊரே சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

என் தங்கை அமிர்தவல்லிக்கு அந்தி நேரத்தில் கோயில் தீபத்தைச் சுற்றி வானவில் வண்ணத்தில் வளையம் தெரிந்தது. ‘அம்பாள் காட்சி கொடுத்துட்டா!’ என்றார் பூசாரி முத்துராமன். அன்றுமுதல் தொலைந்த மாட்டுக்கும் அவளிடம் குறி, தள்ளிப்போன கல்யாணத்துக்கும் அவளிடம் குறி! தலைவலியில் துடித்தாளா? அருள் இறங்குகிறது! வாந்தி எடுத்தாளா? அருள் மிஞ்சிவிட்டது! அடடா, என்ன கண்டுபிடிப்பு!

எனக்கு மனசு ஒப்பவில்லை. மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப்போய் அரிக்கேன் விளக்கைக் காட்டினேன். ‘இதுலயும் தெரியுதா ஆத்தா?’ ‘தெரியுதுண்ணே, அதே வளையந்தான்.’ சொல்லுங்கள், என் எருமைக்குக் காட்சி கொடுக்கவா அம்பாள் வந்தாள்? சிரிக்காதீர்கள் ஐயா! மறுநாளே அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.

புதுக்கோட்டை டாக்டர் அவள் இமைமேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். ‘கண்ணுக்குள்ளே நீரழுத்தம் ஏறி இறுகிக் கிடக்கு. கிளாக்கோமா’ என்றார். அவரையும் நான் லேசில் விட்டேனா? ‘கண்புரைதானே, முத்தட்டுமே, அப்புறம் எடுக்கலாமே?’ என்றேன். ‘புரையை எடுத்தால் பார்வை வரும். இதிலே போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன்’ என்றார். இடது கண் போயே போய்விட்டது! மிச்சம் வலது கண் ஒன்றே.

யாரப்பா அது, தலைக்கு எண்ணெய் வைத்தால் சூடு தணியும் என்பது? மரியசெல்வமா? உன் தலைக்கு வை, குளிரட்டும்! கண்ணுக்குள் கட்டிய நீர் எண்ணெய்க்கு இறங்காது. வலி நின்றுவிட்டதே என்கிறாயா? வலி நின்ற பிறகும் பார்வை போய்க்கொண்டேதான் இருக்கும்.

‘கண்ணில் கத்தி பட்டால் அருள் போய்விடும், அவளை ஆபரேஷனுக்கு ஏற்றிப்போகும் வண்டி ஊரைத் தாண்டக் கூடாது’ என்கிறீர்களே! யாருடைய கண்? யாருக்கு இருட்டு? உங்கள் மாடு கிடைக்க என் தங்கை குருடாக வேண்டுமா? அம்பாளை நான் சந்தேகிக்கவில்லை. அவள் பேரைச் சொல்லும் உங்களைத்தான் சந்தேகிக்கிறேன்!

பெண்கள் பக்கத்தில் யார் எழுந்திருப்பது? அமிர்தவல்லியா? பேசும்மா, எல்லார் காதிலும் விழட்டும்.

கேட்டீர்களா, அவள் சொன்னதை? ‘வலது கண்ணைப் பொத்தினா எம்புள்ள மொகம் தெரியலண்ணே. எனக்கு அருள் வேணாம், எம்புள்ள மொகம் போதும். நான் வாரேன்.’

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? விடிந்ததும் வண்டி புறப்படும். வழிவிடப்போகிறவர்களுக்கு என் நன்றி. மறிக்க நினைப்பவர்களே, அவள் முகத்தைப் பார்த்து மறியுங்கள். வணக்கம்.