மிச்சம் பதினைந்து நிமிஷம்

பன்னில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி. காப்பியை ஆறவிடாதீர்கள். அந்த ஒலிப்பதிவுப் பெட்டியை மேசை நடுவிலேயே வையுங்கள். நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்கிறேன். கேட்டால் சொல்லாமல் இருக்கும் ஆள் இல்லை நான். கேட்காததைச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனதையே யாராவது கேட்டால்தான் சொல்வோம்.

எங்கள் சரளைக் குழியில் நடக்கிற கார் பந்தயத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பழைய சின்னக் கார்கள், உள்ளே கம்பிக்கூண்டு, கதவுகளை வெல்டு வைத்து அடைத்துவிடுவோம். ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். பணத்தைக் கொட்டி யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்று அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் ஓடின கார் அத்தனையும் விற்பனைக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, ஒரு நல்ல சைக்கிளின் விலை. யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். கொடுக்க மாட்டேன் என்றால் இரண்டு வருஷம் ஓட்டத் தடை. எனக்கு அறுபத்தாறு வயது. இரண்டு வருஷம் கழித்து, இவள் ஓட்டலாம் என்று எனக்கு எந்த வைத்தியர் கையெழுத்துப் போடுவார்?

இந்தச் சட்டத்தை நீலோ போல் அனுபவித்தவன் ஒருவனும் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. ஒரு திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாது அவனுக்கு. பஸ் பணிமனையில் முப்பது வருஷம் என்ஜின் பிரித்தவள் நான். குளிர்காலம் முழுதும் கொட்டகையில் மல்லாந்து கிடந்து ஒரு கார் செய்வேன். மே மாதம் முதல் பந்தயம் முடிந்ததும் அவன் வந்து சைக்கிள் விலையை நீட்டுவான். கோடை முழுதும் அதிலேயே கோப்பை வாங்குவான். இப்படி நாலு வருஷம். நானே திருப்பிக் கேட்டிருக்கலாம், என் கைவேலையை அவனிடம் காசு கொடுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. சாசேஜ் கடை வாசலில் ஊரே நிற்கும்போது கேட்பான்:

“என்ன ஹில்க்கா, இந்த வருஷம் எனக்கு என்ன கலர் அடிச்சிருக்க?”

“உன் மூஞ்சிக்குப் பொருத்தமா, சாம்பல்.”

“பரவால்ல. சீட்டை மட்டும் கொஞ்சம் மெத்துனு போட்டுடு. போன வருஷம் இடுப்பு வலி தாங்கல.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சட்டப்படி அவன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லையே.

அந்த இடுப்பை இந்தப் பிப்ரவரியில் அறுத்து மூட்டு மாற்றினார்கள். ஏப்ரலில் பயிற்சிக்கு வந்தபோது, ஜன்னல் வழியாக அவனை உள்ளே செருக இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே எடுக்க அதைவிட நேரம் ஆனது. அதை நான் கணக்கில் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். பார்க்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் டர்போ வைக்கலாம் என்று தோன்றியது. வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, காற்றைப் பிடித்து என்ஜினுக்குள் திணிக்கிற சாமான். புதிதாக வாங்கினால் சைக்கிள் விலையைப் போல் பத்து மடங்காகும். நான் காயலான் கடையில் ஒரு டீசல் வேனிலிருந்து கழற்றினேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர், காரிலிருந்த பழையதையே வைத்துக்கொண்டேன். அதன் தலைக்கு மேல் காற்று அடைபடுவதற்கு ஒரு மூடி வேண்டும். பெர்ரிச் சாறு காய்ச்சுகிற என் அலுமினியப் பாத்திரம் அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. சாறு இந்த வருஷம் கடையில் வாங்கிக்கொண்டேன். வெல்டிங் எல்லாம் நானே. அந்த வெல்டிங்கை உங்கள் போலீஸ் ஆட்கள் படம் எடுத்திருப்பார்கள். நெருப்புக்கு அப்புறமும் ஒரு இடம்கூட விரிசல் விட்டிருக்காது. பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றை அழுத்தி ஊட்டினால் பெட்ரோலையும் அதைவிட அழுத்தி ஊட்ட வேண்டும். அந்த பெட்ரோல் குழாய் டர்போவுக்கு மேலாகத்தான் போக வேண்டியிருந்தது. ஓடும்போது டர்போ அடுப்புக் கங்கு மாதிரி சிவக்கும். அதனால் குழாய்க்கு எஃகுப் பின்னல் போட்டேன். நடுவில் ஒரு தகடும் வைத்து மறைத்தேன். மார்ச் மாதத்தில் அந்தக் கார் அவ்வளவு பத்திரமாக இருந்தது.

ஏப்ரலில் தகட்டை எடுத்துவிட்டேன். எஃகுப் பின்னல் போட்ட குழாயையும் கழற்றிவிட்டு, மாட்டுக்குப் பால் கறக்கிற இயந்திரத்தின் ரப்பர்க் குழாயைப் போட்டேன். என் அண்ணன் பண்ணையை மூடியபோது எடுத்துவந்த சுருள், பெட்ரோலும் சூடும் பட்டால் இளகிவிடுகிற ரப்பர். வெள்ளையாக இருந்தது, கறுப்பு டேப் சுற்றினேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. காரைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, என்ஜினை முறுக்கி ஓடவிட்டு, மூன்று குழாய்களைச் சோதித்தேன். முதல் குழாய் நாற்பத்திரண்டு நிமிஷத்தில் கசிந்தது. அடுத்தது நாற்பத்தொன்று, கடைசியில் போட்டது நாற்பது. தீயணைப்பானைக் கையிலேயே வைத்திருந்தேன். பொறுப்பில்லாதவள் இல்லை நான். நாற்பது என்று வைத்துக்கொண்டேன், எதையும் குறைவாகவே வைத்துக்கொள்வது என் பழக்கம். நான்காவதாக ஒரு புதுத் துண்டைப் பொருத்தினேன். முதல் பந்தயத்தில் நாலு சுற்றுக்கும் சேர்த்து என்ஜின் இருபத்தைந்து நிமிஷம் ஓடும். இருபத்தைந்தை நான் ஓட்டினேன். மிச்சம் பதினைந்தைக் காரோடு விற்றேன்.

அன்று நான்தான் ஜெயித்தேன் தம்பி. வாழ்க்கையில் முதல் முறை. அதை யாரும் பேசுவதில்லை இப்போது.

சீட்டுக் குலுக்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலு வருஷமாக நீலோவைத் தவிர யாரும் கேட்டதில்லை. இந்த முறை சென்யாவும் கேட்டாள். வட்டார மருத்துவமனை நர்ஸ். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து என் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற பெண். காப்பி டப்பாவில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். அவள் பேர் வந்தது.

“போச்சு, என் காரை நர்ஸம்மா தூக்கிட்டுப் போகுது” என்றான் நீலோ. தாடையில் சாசேஜுக்குத் தொட்டுக்கொண்ட கடுகு விழுது ஒட்டியிருந்தது. “ஹில்க்கா, அடுத்த வருஷம் ரெண்டா செஞ்சு வையி.”

அந்தத் தாடையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? அவன் முன்னால் எதைச் சொன்னாலும் ஊர் முழுக்கப் போகும். சாவியைக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, ஒல்லி, ஜன்னல் வழியாக மீன் மாதிரி நுழைந்து மீன் மாதிரி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மனசாட்சி உள்ளவர்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பந்தயம். டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தேன், பிளாஸ்க்கில் காப்பி. முதல் இரண்டு சுற்றும் அவளுக்குத்தான். கார் எப்படி ஓடியது தெரியுமா. மூன்றாவது சுற்றில், வளைவுக்குப் பக்கத்தில், பானட் இடுக்கில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. என் கடிகாரப்படி பதினாலாவது நிமிஷம். ஒரு நிமிஷம் தப்பிவிட்டது என் கணக்கு. கார் சரளை மேட்டில் மோதிச் சாய்ந்தது. அவள் பக்கத்து ஜன்னல் மண்ணைப் பார்த்து இருந்தது. மீன் கணக்கும் தப்பிவிட்டது.

முதலில் ஓடிப்போனது நீலோ. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடினானோ. வெறுங்கையால் கம்பிக்கூண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தானாம். சென்யா அன்று மாலையே போய்விட்டாள். நீலோவின் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடையில் அவன் யார் காரையும் வாங்க மாட்டான். குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. நீலோவையும் நேராக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. அவன் வாங்கும் கார் ஒரு தடவையாவது அவனை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்தில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமையா?

ஆமாம், சென்யா கட்டு மாற்ற வந்தாள். அவள் நோட்டில் நேரம்கூட எழுதியிருப்பாளே, நான் எதற்கு மறைக்கப் போகிறேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு முன்னால், தரையில் மண்டியிட்டு, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பழைய கட்டைப் பிரித்தாள்.

“நேத்து முழுக்க பானட்டைத் திறந்து வச்சுப் பாத்துட்டே இருந்தேன், ஹில்க்காம்மா. வெல்டிங்கா அது? எங்க டாக்டர் போடுற தையல்கூட அவ்வளவு நேரா இருக்காது.”

“டாக்டருக்கு அவசரம். எனக்கு என்ன அவசரம்?”

சிரித்தாள். மருந்து தடவினாள். அப்புறம் கேட்டாள்: “ஞாயித்துக்கிழமை ஓட்டப்போறேன். நான் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?”

நீலோ அங்கே இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யோசித்தேன் தம்பி, உண்மையாகவே யோசித்தேன். குழாயை மாற்று என்றால், ஏன் அதைப் போட்டீர்கள் என்று கேட்பாள். தெரியாமல் போட்டேன் என்றால் வேலை தெரியாதவள் ஆவேன். தெரிந்து போட்டேன் என்றால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. அதுவும் அந்த வெல்டிங்கை அவள் அப்படிப் புகழ்ந்த பிறகு.

“பிரேக் புடிச்சா இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும்” என்றேன். அது பொய் இல்லை, இழுக்கத்தான் செய்யும்.

“ரொம்ப நன்றிம்மா. கட்டு நனையாம பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேட்டது காரைப் பற்றி. குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.