ரெண்டு பக்கமும் முறுகணும்

— கறியை ஏங்க ஃப்ரீசர்ல இருந்து எடுக்குறீங்க? இப்பத்தானே உள்ள வச்சீங்க?

— அரை மணி போதும். லேசா இறுகினாத்தான் மெலிசா வெட்ட வரும். ஸ்டேக் சாண்ட்விச்சுக்கு அதான் முக்கியம்.

— ஓஹோ! சுடுதண்ணி வைக்கவே என்னைக் கூப்பிடுற மனுஷன்...

— கிண்டல் பண்ணாம கத்தியை எடு. அது இல்ல, பெருசு.

— அடேங்கப்பா! காகிதம் மாதிரி வருது. ஃபைல் புரட்டுற கையா இது?

— ம்... யூட்யூப்ல பாத்தேன்.

— யூட்யூப் பாத்தா இப்படி விரலை மடக்கி வெட்டவுமா வந்துடும்?

— தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...

— சொல்லுங்க.

— ...வெங்காயம் வதங்கிடுச்சு.

— இதைச் சொல்லவா லீவு நாளும் அதுவுமா காலையில இருந்து முழிக்கிறீங்க?

— இல்ல... ஆபீஸ்ல...

— ஆபீஸ்ல?

— ஐயோ, கறியைக் கிளறாதே! ஒரு பக்கம் நல்லா செவக்கட்டும். இப்ப மேல சீஸ். அப்புறம் மூடி. ஒரே நிமிஷம்.

— ரொட்டியையும் அதே கல்லுல போடுங்க. ரெண்டு பக்கமும் முறுகணும். எனக்கு சீஸ் ரெண்டு, மிளகாய் வேண்டாம்.

— நீயும் அந்தம்மா மாதிரியே பேசுறே.

— எந்தம்மா?

— தினம் மத்தியானம் ஒரு ஆர்டர் வரும். 'சீஸ் ரெண்டு, மிளகாய் வேண்டாம், ரெண்டு பக்கமும் முறுகணும்'னு. உசிரை வாங்குறா.

— ஆர்டரா? எங்கங்க?

— அது... தட்டை எடு.

— ரொட்டி கருகுது.

— ஆபீஸ்ல ஆளைக் குறைச்சாங்க. என்னையும் அனுப்பிட்டாங்க. ஒரு மாசமா பஸ் ஸ்டாண்ட் முக்குல இருக்கிற சாண்ட்விச் கடையில வேலைக்கு நிக்கிறேன். போனதும் டையைக் கழட்டிப் பையில வச்சுட்டு, தொப்பி மாட்டிக்குவேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு... அசிங்கமா இருந்துச்சு... அழுறியா?

— யாரு அழுறா? சீஸ் வழியுது, மூடியை எடுங்க.

— திட்டவாவது செய்யேன்.

— திட்டத்தான் போறேன். ரெண்டாவது நாளே கடைக் கண்ணாடி வழியா பாத்துட்டேன், தொப்பியும் நீங்களும். நீங்களா சொல்லட்டும்னு வாயை மூடிட்டு இருந்தேன்.

— அப்போ... அந்த ஆர்டர்...

— என் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி பேர்ல போட்டேன். உசிரை வாங்குறது நான்தான். வியாபாரம் இல்லேன்னு அங்கயும் உங்களை அனுப்பிட்டா என்ன பண்றதுன்னு, ஒரு நாள் விடாம வாங்கித் தின்னேன். நாலு கிலோ ஏறிட்டேன், ஒரு துணி உள்ள நுழைய மாட்டேங்குது! கொஞ்சம் சீக்கிரம் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?