காலர் மைக்கில் ரெண்டு மூச்சு

எனக்குச் சாப்பாடு வேணாம்... நீங்க சாப்பிடுங்க. கதைதானே கேட்டீங்க, சொல்றேன். ஆனா நடுவுல யாரும் சிரிக்கக் கூடாது. இது ஒரு சிரிப்புப் படம் போட்ட இடத்துல நடந்தது. சிரிச்சதுதான் வினையே.

நம்ம கண்ணாடிக்காரன் இருக்கான்ல... இன்னைக்கு ஏன் வரலன்னு கேட்டீங்களே, அவன்தான். அவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவரு சினிமாவுல சவுண்ட் எடுக்கிறவரு. அக்காவுக்கும் அதே தொழில்தான், ஒரு சின்ன அரங்கத்துல சவுண்ட் மிக்ஸர் முன்னாடி உட்காருவாங்க. மேடையில யாரு மைக்கை ஏத்தணும், யாரு மைக்கை இறக்கணும்னு பார்க்கிற வேலை. வீட்டுல சண்டை போட்டாக்கூட ரெண்டு பேரும் மெதுவாத்தான் போடுவாங்களாம். காது அவ்வளவு கூர்மை.

அன்னைக்கு இவரு சவுண்ட் எடுத்த சிரிப்புப் படத்தை அக்கா வேலை பார்க்கிற அரங்கத்துல போடுறாங்க. சாயங்காலம் ஆறரை மணி. அரங்கத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்து. முன்வாசல்ல கூட்டம் அலைமோதுது... இவரு மட்டும் பின்சந்து வழியா தனியா வர்றாரு. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் குப்பைத் தொட்டி. ஈ காக்கா இல்ல. ஒரே ஒரு விளக்கு... டிக், டிக்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ஒரு வாடை வருது. குப்பைன்னு நெனச்சு நாலு எட்டு வெச்சாரு. அப்புறம் நின்னுட்டாரு. புளிச்ச கிரீம்... அதுல வெண்ணிலா கலந்த தித்திப்பு. அந்த வாடை அவருக்கு நல்லாத் தெரியும்.

எப்படித் தெரியும்னா... அந்தப் படத்துல ஒருத்தரு ஒரு முழு கிரீம் கேக்கையும் தனி ஆளா முழுங்குற காட்சி. நடிச்சவரை எல்லாரும் தொந்தி மாமான்னுதான் கூப்பிடுவாங்க. சின்னச் சின்ன வேஷம் கட்டுற மனுஷன். முதல் நாள் பாதிக் கேக்கு தின்னதோட வெளிச்சம் போச்சு. மறுநாள் மிச்சத்தை எடுக்கணும். சினிமாவுல என்னன்னா, நேத்து கடிச்ச கடியும் இன்னைக்கு இருக்கிற கடியும் ஒண்ணாப் பொருந்தணும். இல்லன்னா பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். செட்டு சாமான் பார்க்கிறவரு, புதுக் கேக்கு வாங்கி அதே மாதிரி வெட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. டைரக்டர் கேட்கல. கடி மாறிடுமாம். அந்தப் பாதிக் கேக்கை மேலே ஒரு பேப்பரைப் போட்டு ராத்திரி பூரா அப்படியே மேஜையில வெச்சிருந்தாங்க. மறுநாள் மத்தியானம், அனலாக் கொதிக்கிற லைட்டுக்குக் கீழ... அதையே எடுத்து வாயில வைக்கச் சொன்னாங்க. தூ... சொல்லும்போதே குமட்டுது. கிரீம் மஞ்சளாப் போயி, ஓரமெல்லாம் தண்ணி விட்டிருந்துச்சாம். ஈயை ஓட்டி ஓட்டி எடுத்திருக்காங்க.

தொந்தி மாமாவோட சட்டைக்குள்ள காலர் மைக்கு. அதுல என்ன முணுமுணுத்தாலும் சவுண்ட்காரர் ஹெட்போன்ல மட்டும்தான் விழும். அது மாமாவுக்கும் தெரியும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல, உதடு அசையாம, அவருகிட்டதான் சொல்லியிருக்காரு.

"தம்பி... புளிச்சுப் போச்சுப்பா. போதும்னு சொல்லுங்க. நான் சொன்னா அடுத்த வேஷம் தர மாட்டாங்க... நீங்க சொல்லுங்க."

இவரு சொல்லல. சவுண்ட்ல கோளாறு, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நமக்கேன் வம்புன்னு ஹெட்போனை ஒரு காதுலேருந்து இறக்கி விட்டுட்டாரு. பதினோரு டேக்கு. அன்னைக்கு ராத்திரியே மாமாவுக்கு வாந்தி. மூணாம் நாள் ஆளு இல்ல.

அப்புறம் செஞ்சதுதான் கேவலம். கடைசி டேக்கையே படத்துல வெச்சாங்க. மாமா "போதும்"னு சொல்லி ஓங்கரிக்கிற இடத்துல, அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்துட்டு, ஒரு ஏப்பத்தை ஒட்டுனாரு இவரு. யாரு ஏப்பம்? சோடா குடிச்சுட்டு இவரே விட்ட ஏப்பம்.

அந்த உறுத்தல்லதான் அன்னைக்கு யாரு கண்ணுலயும் படாம பின்சந்துல வந்தாரு. படம் முடிஞ்சதும் எடுத்தவங்களோட கலந்துரையாடல் இருக்கு. அதுல எல்லாத்தையும் போட்டு உடைச்சிடணும்னு காலையிலயே முடிவு பண்ணிட்டாரு. அக்காகிட்டகூட மூச்சு விடல.

படம் ஓடுது. கேக்குக் காட்சி வந்துச்சு. அரங்கமே அதிருது. விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க... எச்சில் தெறிக்கச் சிரிக்கிறாங்க. ஏப்பம் வந்ததும் கைதட்டல். கண்ணு பிதுங்கி ஒரு மனுஷன் சாகப் போறான், அதுக்குக் கைதட்டல். சாதாரண ஜனங்கதான், குடும்பம் குட்டியோட வந்தவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச ஒருத்தரு முதல் வரிசையில வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. வாடை அவரு பக்கத்துக் காலி சீட்டுக்கே வந்துடுச்சு.

விளக்கு போட்டாங்க. மேடையில ரெண்டு நாற்காலி. டைரக்டருக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு. சட்டையில காலர் மைக்கு மாட்டி விட்டாங்க. பின்னாடி மிக்ஸர்ல அக்கா, காதுல ஹெட்போன். டைரக்டர் பேச ஆரம்பிச்சதுமே அக்காவுக்கு ஒரு சந்தேகம். புருஷன் மைக்குல ரெண்டு மூச்சு கேக்குது. ஒண்ணு அவரோடது, பத்து வருஷமாப் பக்கத்துல கேட்டுப் பழகுனது. இன்னொண்ணு கனமா... சளசளன்னு எதையோ மென்னுக்கிட்டே விடுற மூச்சு. ஒயர்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டாங்க.

கூட்டத்துல ஒரு அம்மா எழுந்து, கேக்கு சாப்பிட்டவரு இன்னைக்கு வரலையான்னு கேட்டாங்க. டைரக்டர் சிரிச்சாரு.

"அவரு இப்போ ரொம்ப பிஸிங்க. இன்னும் ஏப்பமே அடங்கல."

மறுபடி கொல்லுனு சிரிப்பு. இவரு எழுந்துட்டாரு. வாயைத் திறந்தாரு.

சொல்லு வரல. வாய்க்குள்ள என்னமோ ரொம்புது. கொழகொழன்னு... வெதுவெதுப்பா... புளிப்பா. முழுங்குறாரு, மறுபடி ரொம்புது. கண்ணு பிதுங்குது, கழுத்து நரம்பு புடைக்குது. கூட்டம் என்ன நெனச்சுது தெரியுமா? அந்தக் காட்சியை நடிச்சுக் காட்டுறாருன்னு. எழுந்து நின்னு கைதட்டுறாங்க. டைரக்டர் முதுகுல தட்டிக் குடுக்கிறாரு.

கைதட்டல்ல வேற யாரு காதுலயும் விழல. ஹெட்போன்ல மட்டும் அக்காவுக்குக் கேட்டுச்சு... அந்தச் சளசளப்புக்கு நடுவுல, புருஷன் குரல்.

"போதும்னு சொல்லு..."

தொழில் பழக்கம் இருக்கே, அது பொல்லாதது. ஓங்கரிக்கிற சத்தம் அரங்கத்துல கேட்கக் கூடாதுன்னு, யோசிக்கிறதுக்கு முன்னாடியே அக்கா கை அவரு மைக்கை இறக்கிடுச்சு. இறக்கிட்டு... அவங்களும் சிரிச்சிருக்காங்க. விளையாடுறாருன்னு நெனச்சு.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தாரு. அக்கா ஹெட்போன்ல கேட்டதைத் தவிர, நான் சொன்ன அத்தனையும் அவரு பேப்பர்ல எழுதி அக்காகிட்டக் குடுத்ததுதான். கெட்டுப் போன கேக்கு எப்போ சாப்பிட்டாருன்னு டாக்டர் கேட்டாராம். அன்னைக்கு அவரு பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. மூணாம் நாள் விடியும்போது போயிட்டாரு.

அது நடந்து ஒரு மாசம் ஆகுது. அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு, எல்லாத்தையும் வெளியில சொல்லப் போறேன்னு நேத்து அக்கா கிளம்பியிருக்காங்க...

இன்னைக்குச் சாயங்காலம் கண்ணாடிக்காரன் எனக்குப் போன் பண்ணான். அழறான். அக்காவுக்குப் பேச்சே வரலையாம். வாயைத் திறந்தா வெள்ளையா வழியுதாம். வீடு பூரா புளிச்ச வாடை... வண்டி எடுத்துட்டு உடனே வாடான்னான். அவனுக்குப் பின்னாடி, போனுக்கு ரொம்பக் கிட்ட, யாரோ மெல்லுற சத்தம்.

நான், "சரியாக் கேக்கலடா"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.

சாப்பாடு ஏன் வேணாம்னு கேட்டீங்கல்ல... யாராவது அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன். என்னால இதுக்கு மேல வாயைத் திறக்க...