டீச்சர் கைபட்ட செடிகள்

தண்ணீர் குறைந்தாலும் செடி வாடும், கூடினாலும் வாடும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மண்ணுக்குள் விரலை விட்டால் தெரிந்துவிடும், யாரும் விடுவதில்லை. உட்காருங்கள் தம்பி, சொல்கிறேன். உங்கள் அக்கா தன் பேத்தியை ஏன் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டார் என்றுதானே கேட்டீர்கள்.

இந்தக் குடியிருப்பில் எனக்குச் செடி டாக்டர் என்று பெயர். பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டு யாராவது என் வாசலுக்கு வந்தபடி இருப்பார்கள். உங்கள் அக்கா மட்டும் வந்ததில்லை. காப்பி அடித்தாள் என்று என் மகளைப் பரீட்சை அறையிலிருந்து எல்லோர் கண்முன்னாலும் வெளியே அனுப்பிய டீச்சர், எந்த முகத்தோடு வருவார்? அன்றோடு என் மகள் படிப்பை விட்டாள்.

தன் மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்த பிறகுதான் வந்தார். இடுப்பில் பேத்தி, கையில் ஒரு ரோஜா இலை.

"பால்கனியில இருக்கிறதெல்லாம் அவ வச்ச செடிங்கம்மா. அவ போனதுல இருந்து வாடிக்கிட்டே வருது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

போய்ப் பார்த்தேன். இலை மஞ்சளாகித் துவண்டிருந்தது. தொட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சில நாள் சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

"தாகம் டீச்சர். காலையிலயும் சாயங்காலமும் ஊத்துங்க" என்றேன்.

சொன்னபடியே செய்தார். வேர் அழுகி ரோஜா போனது. அடுத்தது குரோட்டன்ஸ். உரம் கூடிப்போய் இலை நுனி கருகியிருந்தது. பசி என்றேன், இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார். நிழலில் செழித்திருந்த மணி பிளாண்டை உச்சி வெயிலில் வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் போனபோது நானும் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினேன்.

கடைசித் தொட்டியும் காய்ந்த அன்று அவர் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன். அப்புறம் ஏம்மா இப்படி?"

"உங்க மேல தப்பில்ல டீச்சர். சிலருக்குக் கைராசி அப்படி. தொட்டது தங்காது."

பேத்தி தவழ்ந்து வந்து அவர் முந்தானையைப் பிடித்தது. தூக்குவதற்கு நீட்டிய கையை அவர் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைக் கவனித்த பிறகுதான், "குழந்தை பத்திரம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அந்த வாரமே குழந்தை அதன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. உங்கள் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்தீர்கள்.

அறியாமல் செய்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இலையும் என்ன சொன்னது என்று தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். குழந்தை விஷயமும் அப்படித்தான். என் மகளுக்கு நியாயம் கிடைக்க வேண்டாமா?

அவளிடமும் போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். மனம் ஆறும் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு, "நான் நெஜமாவே காப்பி அடிச்சேம்மா. அன்னைக்கே உன்கிட்ட சொன்னேனே" என்றாள்.

இளகிய மனசு தம்பி அவளுக்கு. யார் மேலும் பழி விழக் கூடாது என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். என் வயிற்றில் பிறந்தவளை எனக்குத் தெரியாதா.