இரண்டு தடவை கேட்டேன்

காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். அதனால் மூன்றாவது தடவையும் கேட்கிறேன். நம் மினசோட்டாவில் அதுதானே முறை. முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது 'வேண்டாம்' பெற்றவள் வளர்த்த வளர்ப்புக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான், 'உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா அரைக் கோப்பை' என்று வாய் திறக்கும். இந்த வட்டாரத்தில் எவனாவது பட்டினியால் செத்திருந்தால், அது கல்யாணப் பந்தியில்தான் நடந்திருக்கும். பரிமாறியவள் இரண்டு தடவையோடு நிறுத்தியிருப்பாள்.

பாருங்கள், கோப்பையை நீட்டிவிட்டீர்கள். ஷெரீஃப் சட்டை போட்டாலும் பிராண்ட்வால்ட் வீட்டுப் பிள்ளை பிராண்ட்வால்ட் வீட்டுப் பிள்ளைதான். உங்கள் அப்பாவின் மக்காச்சோளத்தை இருபது அறுவடைக்கு நான் எடை போட்டிருக்கிறேன். எல்க் பிரெய்ரி தானியக் கிடங்கில் நாற்பத்தொரு வருஷம் தராசு என் கையில் இருந்தது. லாரியின் மேல் ஈ உட்கார்ந்தால், அது எழுந்து போகும்வரை காத்திருந்து எடையை எழுதியவன் நான். எங்கள் கட்சிக்காரன், அவர்கள் கட்சிக்காரன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. 'ஆர்வில் ஸ்கார்ஸ்டாட் சொன்னது' என்று இதை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மேவிஸைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். வருகிறேன். ஆனால் பிரென்ட் ஸ்டோர்லியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். எல்லாம் அவன் பல்வரிசையால் வந்த வினை.

அவன் அவர்கள் கட்சி. மாநில செனட்டில் பதினோரு வருஷம் உட்கார்ந்து நாற்காலியைச் சூடாக்கிவிட்டு, இப்போது வாஷிங்டன் போகவேண்டுமாம், காங்கிரஸ் சபைக்கு வேட்பாளர். அவன் சிரித்தால் பக்கத்து மாவட்டத்துச் சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவும். அந்த விளம்பரம் பார்த்திருப்பீர்கள். படகில் உட்கார்ந்து இரண்டு துடுப்பும் போடுவான். 'ஒரு துடுப்பு இந்தக் கட்சி, ஒரு துடுப்பு அந்தக் கட்சி, ரெண்டும் சேந்தாத்தான் படகு நேரா போகும்' என்பான். ஆறு வாரமாக, இரவு உணவில் உருளைக்கிழங்கை வாயில் வைக்கும்போதெல்லாம் அது டிவியில் வந்தது. நாற்பதாவது தடவையோ என்னவோ, அப்போதுதான் கவனித்தேன். படகின் பின்பக்கம் ஒரு கயிறு. படகு துறையில் கட்டியிருக்கிறது. அவன் போட்ட துடுப்பெல்லாம் நின்ற இடத்திலேயே போட்ட துடுப்பு.

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. எண்ணுகிற ஆள். நூலகத்தில் உட்கார்ந்து அவன் போட்ட ஓட்டு ஒவ்வொன்றையும் எண்ணினேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வாக்கெடுப்பு. ஒன்பது கோப்புகள் ஆயின, சேர்த்து எடை போட்டால் ஒரு கன்றுக்குட்டி தேறும். யாருக்கும் வலிக்காத விஷயங்களுக்கு எல்லோருமாகக் கை தூக்குவார்களே, அவற்றைக் கழித்துவிட்டேன். எங்கள் கட்சியோடு அவன் உண்மையாகச் சேர்ந்து நின்றது எத்தனை தடவை தெரியுமா? ஒன்று.

அந்த ஒன்று மேவிஸ் க்வாம்.

மேவிஸ் எங்கள் கட்சி. பதினெட்டு வருஷம் செனட்டில் இருந்தவள். வயது எண்பத்தொன்று, எனக்கு அடுத்த வீடு. கண் மங்கி அவள் கார் ஓட்டுவதை விட்டபின், ஒன்பது வருஷமாக நான்தான் அவளுக்குச் சாரதி. தேவாலயம், இதய டாக்டர், வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு, எல்லாவற்றுக்கும். கடைசிப் பதவிக்காலத்தில் அவளும் ஸ்டோர்லியும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கிராமத்து ஆம்புலன்ஸில் தொண்டு செய்பவர்களுக்குப் பயிற்சியும் படியும், கூப்பிட ஆளுக்கொரு பேஜரும். முன்பெல்லாம் இங்கே ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். இப்போது பதினொன்று. நல்ல சட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

வேட்பாளர்கள் மேடையேறும் விவாதம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, உயர்நிலைப்பள்ளி விளையாட்டரங்கில். ஊர்க்காரர்கள் கேள்வியைச் சீட்டில் எழுதிக் காபி டப்பாவில் போடவேண்டும். நான் என் கேள்வியை முன்கூட்டியே எழுதிவைத்தேன். அதே கேள்வியைப் பதினான்கு சீட்டில், பதினான்கு விதக் கையெழுத்தில். டப்பாவுக்குள் அதிர்ஷ்டம் ஒருவன் பக்கம் சாயக்கூடாது அல்லவா.

அதற்கு முந்தின வியாழக்கிழமை டாக்டரிடமிருந்து திரும்பும்போது மேவிஸிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அவன எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன், மேவிஸ். 'உங்கூட நெசமா வேல பாத்த எங்க கட்சிக்காரர் ஒருத்தர் பேரச் சொல்லு பாப்போம்'னு."

அவள் சிரித்தாள். "தாராளமா கேளு. எம்பேரச் சொல்லுவான். நானும் முன்வரிசையில எந்திரிச்சு நிப்பேன். போன் பண்ணிக் கேட்டான், வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"அவனுக்காக நீங்க எதுக்கு எந்திரிக்கணும்? ஊரறிஞ்ச புளுகன்."

"புளுகன்தான். நான் அவனுக்கு ஓட்டுக்கூடப் போடப்போறதில்ல. ஆனா நடந்தத நடக்கலன்னு என்னால சொல்ல முடியாது, ஆர்வில்."

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறுல ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னா ஒண்ணுதானே. தராசுக்காரன், ஒனக்கு நான் சொல்லணுமாக்கும்?"

அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்றாள்.

நாற்பத்தொரு வருஷத்தில் என் தராசைப் பற்றி என்னிடமே பேசியவர்கள் யாருமில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். வழக்கம்போல அவள் உள்ளே போய் விளக்குப் போடும்வரை காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு, ஏரிக்கரையில் இருக்கும் என் மரவீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன். கோப்பு ஒன்றை அங்கே விட்டுவிட்டேன் என்று சொன்னேன். மழையும் காற்றும் பலமாக இருந்தன. 'பள்ளிக்கூடத்துல இன்னும் கதவு தெறக்கல. நீங்க எதுக்கு மழையில நிக்கணும்? இங்க உக்காந்திருங்க. நான் போயி நாற்காலி போட்டு, முன்வரிசையில ஒங்களுக்கு எடம் புடிச்சுட்டு, ரெண்டுக்கு முன்னாடி வந்துர்றேன்' என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்ததில்லை. அவள் உட்கார்ந்தாள். தேவாலயத்துக்குப் போடும் மெல்லிய கோட்டும் அந்த நல்ல செருப்பும் போட்டிருந்தாள்.

குளிர்காலத்துக்காக அந்த வீட்டில் தண்ணீரும் எரிவாயுவும் முந்தின வாரமே அடைத்தாயிற்று. விறகடுப்பு ஒன்று உண்டு. அடுப்பைப் பற்றவைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். திரும்பவும் கேட்டேன், வேண்டாம் என்றாள். திங்கட்கிழமை வந்த உங்கள் ஆளிடமும் இதைத்தான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் கைப்பை என் காரிலேயே இருந்துவிட்டது. போனும் நாக்குக்கு அடியில் வைக்கிற இதய மாத்திரையும் அதில்தான் இருந்தன. மறந்துவிட்டது என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தியபோது பைக்குள் போன் அடித்தது. திறந்து பார்த்தேன், ஸ்டோர்லியின் பெயர். அது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பையின் மேல் என் கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

என் சீட்டு மூன்றாவதாக வந்தது. ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் அதைத் திருத்தமாகப் படித்தாள். ஸ்டோர்லி பல்லை எல்லாம் காட்டினான். 'மேவிஸ் க்வாம். இதோ, முன்வரிசையிலேயே இருக்காங்க' என்று கையை நீட்டினான். அங்கே அவள் பெயர் எழுதின காகிதமும் காலி நாற்காலியும் இருந்தன. காகிதத்தை ஒட்டினது நான்தான்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான், "நாற்காலியோட நல்லாத்தான் ஒத்துப்போறீங்க, பிரென்ட்."

அரங்கின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. சிரிப்பில் ஒருவருக்குப் பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது. ஸ்டோர்லியின் உதடுகள் மெதுவாக மூடின. ஆறு வாரத்தில் அந்தப் பற்கள் மறைந்து நான் பார்த்தது அப்போதுதான். என் கல்யாண நாளில்கூட எனக்கு அப்படி இனித்ததில்லை.

மூன்று மணிக்குப் பேஜர்கள் கத்தின. அரங்கில் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நெஞ்சில் ஸ்டோர்லியின் பெயர் போட்ட பிரசாரப் பொத்தான், இன்னொருவள் நெஞ்சில் எங்கள் வேட்பாளரின் பொத்தான். இரண்டு பேரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். ஓடும்போதே அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்க ஏரிக்கரை ரோடுதான், ஆர்வில். தபால் பெட்டிகிட்ட வயசான அம்மா ஒருத்தங்க விழுந்து கெடக்காங்களாம். வாத்து வேட்டைக்குப் போனவங்க சொல்றாங்க. யாரா இருக்கும்?"

"தெரியலம்மா. இந்த மழையில அங்க யாரு இருக்கப்போறா."

பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நான் விசாரித்தேன். சட்டத்தின் மேல் குறை சொல்ல வழியில்லை. மேவிஸ்தான் அதற்கு முன்பே உலகத்தை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

விவாதம் முடிந்து பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வெட்டினார்கள். நான் ருபார்ப் தண்டு வைத்ததைச் சாப்பிட்டேன். பாதிரியார் மனைவி மேவிஸ் எங்கே என்று கேட்டாள், சளி என்றேன். அப்புறம் விடைபெற நாற்பது நிமிடம் ஆயிற்று. உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் வாசலில் ஒருதடவை, கார் கதவில் ஒருதடவை, கண்ணாடியை இறக்கி ஒருதடவை என்று விடைபெறாமல் போனால் பண்பு தெரியாதவன் என்பார்கள்.

பக்கத்தில் விளக்கெரிந்த ஒரு வீடு இருந்தும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை, ஈரமண்ணில் செருப்புத் தடம் ஊரைப் பார்த்துத்தான் போகிறது என்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மேவிஸ் வருகிறேன் என்றால் வருவாள்.

வியாழக்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்க அவர்கள் கட்சியில் மூன்று பேர், எங்கள் கட்சியில் மூன்று பேர். ஸ்டோர்லி முன்னால், நான் அவனுக்கு எதிர்ப்பக்கம். கேமராக்காரன் ஒருவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பாருங்கள், அதையும் அவன் விளம்பரத்தில் போடுவான். பெட்டியோடு சேர்த்து நூற்றைம்பது கிலோகூட இருக்காது. கைப்பிடியைப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பங்கு நாற்பத்தேழு.

நீங்கள் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் கேட்டபோது, "வேணாம், அதுக்குள்ள நீதான் வந்துருவியே" என்றாள். இரண்டாவது தடவை கேட்டபோது, "சேச்சே, எனக்காக வெறக வீணாக்காத" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போதே கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது தடவைக்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த மாநிலத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. அடுப்பு மேலிருந்து அதை எடுத்துப் பைக்குள் போட்டதும் நான்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு காருக்குப் போனேன். மாத்திரை எங்கே இருக்கிறது, மழை எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எல்லாம் எனக்குத் தெரியும். நான் எடை போடாமல் எதையும் செய்கிறவன் இல்லை. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டோர்லி பதினோரு வருஷத்தில் ஒரு தடவை செய்ததை ஊரெல்லாம் தமுக்கடிக்கிறான். மேவிஸ் எங்கள் கட்சிக்காரி, ஒன்பது வருஷம் என் காரில் உட்கார்ந்தவள். அதற்காக நான் அவளுக்கு எடையில் ஒரு குன்றிமணி சலுகை காட்டவில்லை. கட்சி பார்க்காதவன் யார் என்று இனிமேல் இந்த ஊர் சொல்லட்டும்.